கிணறு அந்தப் பக்கம், சம்பங்கி இந்தப் பக்கம்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை. இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்டெல்லா — என் வீட்டுக்காரரின் தங்கை. திண்டுக்கல் பக்கம், அகரத்துக்கு அடுத்த ஊரில் சம்பங்கி போட்டிருக்கும் ஆரோக்கியத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"மதினி, மண்ணு லாரி வந்திருச்சு. பத்து நாள்ல மேடேத்திருவாங்களாம். தண்ணிக்கு என்ன செய்ய?"

"எந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி மதினி! கிணறு ரோட்டுக்கு அந்தப் பக்கமில்ல மாட்டிக்கிருச்சு!"

கரண்டியைக் கீழே வைத்தேன். ஏனென்றால்... அந்த ரோடு விஷயமாக அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த மகராசி நான்தான். மூன்று பக்கம். அதில் கிணறு என்ற வார்த்தையே கிடையாது!

இதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தொண்ணூறுகளில் நான் வேடசந்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீஸில் டைப்பிஸ்ட். திண்டுக்கல்லில் இருந்து தினமும் மில் பஸ். அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும் — எதிரே ஒரு லாரி வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும். எங்கள் டிரைவர் லைட்டை இரண்டு தடவை அடிப்பார். 'நீ இறங்குறியா, நான் இறங்கவா' என்று அர்த்தம். பெரும்பாலும் நாங்கள்தான் இறங்கினோம்.

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தவளுக்கு வேறென்ன வேலை? மைல்கல்லைப் பார்ப்பேன். எங்கள் ரோட்டுக் கல்லுக்கு மட்டும் மஞ்சள் தலை. கிளை ரோட்டில் திரும்பினால் பச்சைத் தலை. ஏன்? ஆபீஸில் கேட்டேன். "பெயின்ட் மிச்சம் இருந்திருக்கும்" என்றார் ஸ்டோர் கீப்பர். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. யார் யாரையோ நச்சரித்துத் தெரிந்துகொண்டேன். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. எங்கள் ரோட்டின் பெயர் என்.எச். ஏழு.

ஏழு எங்கே ஆரம்பிக்கிறது? அட்லஸை விரித்தேன். ஆத்தாடி! காசியில்!

காசியில் கிளம்பி ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம், கரூர் என்று வந்து, வேடசந்தூரையும் திண்டுக்கல்லையும் தொட்டு, கன்னியாகுமரியில் போய் நிற்கிறது. இந்தியாவிலேயே நீளமான நெடுஞ்சாலை அப்போது அதுதான். அந்தப் பெருமைக்காரியின் மேல்தான் நாங்கள் தினமும் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

நீளம் அவ்வளவு, அகலம் ஏன் இவ்வளவு? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றாக வந்தது. சுதந்திரத்துக்கப்புறம் முக்கியமான ரோடுகளையெல்லாம் டெல்லி தன் பேரில் எடுத்துக்கொண்டது. ஐம்பதுகளில் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் போட்டுப் பராமரிக்கிற வேலை அந்தந்த மாநிலத்து இன்ஜினீயர்களுக்கு. பணம் டெல்லியில் இருந்து வர வேண்டும். வந்தது — சொட்டுச் சொட்டாக. சரக்கெல்லாம் ரயிலில் போனவரை யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு நூலும் தக்காளியும் சிமென்ட்டும் லாரிக்கு மாறின. லாரி பெருத்தது, ரோடு பெருக்கவில்லை. ஆகமொத்தம் பெயர் தேசியம், அகலம் பஞ்சாயத்து.

தொண்ணூறுகளின் கடைசியில்தான் அந்த அறிவிப்பு வந்தது. டெல்லி, மும்பை, சென்னை, கல்கத்தா — நாலு ஊரையும் நாலு வழிச் சாலையால் இணைப்போம் என்றார்கள். கூடவே காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரிக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு. பேப்பரில் அந்த மேப்பைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. கோடு எங்கள் தலைக்கு மேலேயே போகிறது!

பணத்துக்கு என்ன செய்தார்கள்? பெட்ரோல், டீசலில் லிட்டருக்கு இவ்வளவு என்று ரோட்டுக்காக ஒரு வரி. அதாவது, என் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் ரோடு போட்டிருக்கிறேன். எனக்கே தெரியாது. மிச்சத்துக்குக் கடன், தனியார் கான்ட்ராக்ட். ரோடு முடிந்ததும் டோல் கேட்.

இன்னொன்றும் கவனித்தேன். பழைய ரோடு வளைந்து வளைந்து போகும். இந்தச் சந்தை, அந்தக் கோயில் என்று எல்லாரையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகரும். புது ரோட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நேராகப் போக வேண்டும், ஊருக்குள் நுழையக் கூடாது, வேகம் குறையக் கூடாது. சரி, ஊரை விட்டு விலகினால் எங்கே போகும்? வயலுக்குள்தானே!

அப்படித்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஆரோக்கியம் அண்ணன் பேப்பர் கட்டிங்கோடு வந்து நின்றார். பொடி எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க சர்வே நம்பர். அவர் நம்பரும் இருந்தது.

"தங்கச்சி, இருபத்தோரு நாளைக்குள்ள ஆட்சேபணை குடுக்கணுமாம். நீதான் எழுதித் தரணும்."

கேட்க வேண்டுமா? மில்லில் பத்து வருஷம் லெட்டர் அடித்த கை. மனு எழுதுவதில் நான் கில்லாடி என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு. காசியில் ஆரம்பித்தேன். வெட்டப்படப் போகிற புளியமரங்களுக்காக உருகினேன். புது ரோட்டை தரிசுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினால் நாட்டுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். படித்துக் காட்டியபோது ஆரோக்கியம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விசாரணைக்கு நானும் கூடவே போனேன். அதிகாரி மனுவைப் புரட்டினார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். அப்புறம் அண்ணனைப் பார்த்து, "கிணறு எதுவும் ரோட்டுல வருதா?"

"இல்லைங்க சார்."

"சரி." எழுதிக்கொண்டார். கிணறு பாதிப்பு — இல்லை.

ஆரோக்கியம் அண்ணன் பொய் சொல்லவில்லை. கிணறு ரோட்டில் வரவில்லை. ரோட்டுக்குக் கிழக்கே பத்திரமாக இருக்கிறது. அவருடைய சம்பங்கிதான் ரோட்டுக்கு மேற்கே இருக்கிறது. நடுவில் இருந்த வாய்க்கால்தான் ரோடாகிறது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். "தண்ணி முறையைப் போயி யாராச்சும் எழுதுவாங்களா தங்கச்சி?" என்றார். எங்கள் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிகள் எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. நிலத்துக்குப் பட்டா உண்டு, பத்திரம் உண்டு. தண்ணீருக்கு வாய்வார்த்தைதான். கிணறு இருப்பது ஆரோக்கியத்தின் கூடப்பிறந்த அண்ணன் சவரிமுத்துவின் பட்டாவில். ஆனால் திங்கள், புதன், வெள்ளி தம்பி ஆரோக்கியத்துக்கு. செவ்வாய், வியாழன், சனி அண்ணனுக்கு. ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து யாருக்கு அவசரமோ அவர்களுக்கு. இது எந்தக் காகிதத்திலும் கிடையாது. அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. கேட்டுச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். எனக்கு ஜபல்பூர் தெரிந்தது!

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"காசிக்கு ரோடு எங்கிட்டுப் போகுதுன்னு தெரியுது. என் தங்கச்சி வயலுக்குத் தண்ணி எங்கிட்டு வருதுன்னு தெரியலையாக்கும்?"

இட்லி அடுப்பை அணைத்தேன்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். சிவப்பு மண் லாரி லாரியாகக் கொட்டிக் கிடந்தது. சைட் இன்ஜினீயர் ஆந்திராக்காரர், சின்ன வயது, மஞ்சள் ஹெல்மெட். டிராயிங்கை ஜீப் பானெட்டில் விரித்துக் காட்டினார். அருமையான டிராயிங். எங்கே மழைத் தண்ணீர் ஓடி வரும், எங்கே அதற்குப் பாலம் என்று கோடு கோடாக இருந்தது.

"மழைத் தண்ணிக்கு வழி இருக்கு. கிணத்துத் தண்ணிக்கு?"

"கிணறு டிராயிங்ல லேது மேடம்... இல்லே. பாதிப்பு இல்லேன்னு ரிப்போர்ட்ல இருக்கு."

"இப்ப ஒரு பைப் போட்டா?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. "இப்ப போட்டா அரை நாள் வேலை. மண் கொட்டறதுக்கு முந்தி ஒரு சிமென்ட் குழாய் பதிச்சா முடிஞ்சுது. ரோடு முடிஞ்ச அப்பறம்னா, நேஷனல் ஹைவேல ஒரு அடி தோண்ட டெல்லி பர்மிஷன் வேணும். ஆனா மேடம், ஆபீஸ்ல என்ன கேப்பாங்க? அந்தக் கிணறு யாரோடது? அவரு எழுதித் தரணும். இவருக்கு அதில தண்ணி உரிமை இருக்குன்னு."

கிணற்றுக்காரர் சவரிமுத்து எழுதித் தர வேண்டுமா! போச்சு.

அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருஷம் ஆகிறது. பெரிய சண்டையெல்லாம் இல்லை. சவரிமுத்து மகள் கல்யாணப் பத்திரிகையில், தங்கள் நல்வரவை விரும்பும் என்று பெயர் போடுவார்கள் பாருங்கள்... அதில் ஆரோக்கியம் பெயர் மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பாவுக்குக் கீழே போய்விட்டது. பிரஸ்காரன் செய்த தப்பு. ஆரோக்கியம் பந்தியில் உட்காராமல் எழுந்து வந்துவிட்டார். அண்ணன் கூப்பிடவில்லை. அவ்வளவுதான்!

ஆனால் ஏழு வருஷமும் தண்ணீர் முறை ஒருநாள் தவறவில்லை. அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை. திங்கள்கிழமை ஆரோக்கியம் நாற்பது எட்டு நடந்து போய் மோட்டாரைப் போடுவார், வந்து மடை திருப்புவார், முடிந்ததும் போய் அமத்துவார். செவ்வாய்க்கிழமை அண்ணன். முகம் பார்க்கிற அவசியமே இல்லை.

"நீங்க போயிக் கேளுங்கண்ணே" என்றேன் ஆரோக்கியத்திடம்.

"சம்பங்கி காஞ்சு சருகாப் போனாலும் போகட்டும். நான் போயி நிக்க மாட்டேன்."

ஸ்டெல்லா பக்கத்தில் நின்று பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "அவருக்கென்ன, சொல்லிருவாரு. இந்தப் பூவுலதான மதினி ரெண்டு பிள்ளையும் படிக்குது. போர் போட்டுப் பாத்தாச்சு. தண்ணியில்ல, வெறும் மண்புகைதான் வந்துச்சு" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. நான் மட்டும் அன்றைக்குக் காசியை விட்டுவிட்டுக் கிணற்றைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் இவள் இப்படி நிற்க வேண்டுமா?

நானே போனேன். சவரிமுத்து அண்ணன் கத்தரிக்காயைச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"அவன் அனுப்பினானா?"

"இல்லைண்ணே. நானாத்தான் வாரேன்."

"அவன் வந்து கேக்கட்டும். வாய் இல்லையா அவனுக்கு?"

அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். கெஞ்சிப் பிரயோஜனமில்லை, அந்தக் குடும்பத்துக்கே கெஞ்சினால் விறைப்பு ஏறும். பையில் விசாரணை ரிப்போர்ட் நகல் இருந்தது. வேறு வழி தெரியாமல் அதை எடுத்துப் படித்தேன். சர்வே நம்பர் இன்னது, கிணறு ஒன்று, உரிமையாளர் சவரிமுத்து, பாதிப்பு இல்லை.

"இதுப்படி பாத்தா கிணத்துத் தண்ணி அம்புட்டும் உங்களுக்குத்தாண்ணே. ஏழு நாளும்."

சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"எவன் சொன்னான்?"

"கவர்மென்ட் ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு."

"ரிப்போர்ட்டா? கிணறு வெட்டினப்ப ரெண்டு பேரும் சேர்ந்து மண்ணு சுமந்தோம். கல்லு விழுந்து அவன் கால் விரல் நசுங்கி மூணு மாசம் கெடந்தான். அப்ப எங்க போனான் இந்த ரிப்போர்ட் எழுதினவன்?" சத்தம் ஏறியது. "ரோடு போட வந்தவன் ரோட்டைப் போடட்டும். எங்க பாகத்தைப் பிரிக்க அவன் யாரு?"

"நீங்கதான் பேசுறதில்லையே..."

"பேச மாட்டேன். அது வேற. தண்ணி வேற. எடு பேப்பரை, எழுது."

எழுதினேன். இந்தத் தடவை ரொம்பப் பயந்து, ஒரே பக்கம். காசி இல்லை, புளியமரம் இல்லை. கிணறு, வாய்க்கால், திங்கள், புதன், வெள்ளி. அந்தக் குடும்பத்தின் தண்ணீர் முறை முதல் தடவையாகக் காகிதத்தில் ஏறியது. 'என் உடன்பிறந்த தம்பி ஆரோக்கியம்' என்று வாசித்தபோது குறுக்கே வந்தார்.

"தம்பின்னு எதுக்கு? ஆரோக்கியம்னு மட்டும் போடு."

"யாரு என்னன்னு ஆபீஸ்ல கேப்பாங்கண்ணே. பின்ன என்னன்னு எழுத?"

கத்தரிக்காய்ச் சாக்கை இழுத்துக் கட்டினார். "எழுதித் தொலை" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாலு நாள் நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த கதையைச் சொல்லி உங்களை வதைக்கப் போவதில்லை. ஒரு பெரிய இன்ஜினீயர் அந்த ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "இதை முதல்லயே குடுத்திருக்கலாமேம்மா" என்றார். வெட்கமாக இருந்தது. டிராயிங்கில் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டார். ஆந்திராத் தம்பி சொன்ன மாதிரியே அரை நாளில் சிமென்ட் குழாயைப் பதித்து, அதற்குள் பி.வி.சி. பைப்பை நுழைத்து, மேலே மண்ணைக் கொட்டிவிட்டார்கள்.

முடிந்ததா? எங்கே!

மண் ஒன்றரை ஆள் உயரம் ஏறிவிட்டது. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரியாது. மேலே லாரியும் ரோலரும் ஓயாமல் ஓடுகின்றன. ஆரோக்கியம் அண்ணன் மோட்டார் போட ஏறிப் போனால் வேலையாட்கள் விரட்டுகிறார்கள். சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர். ரோடு முடிந்து காசி லாரி நூறில் பறக்க ஆரம்பித்தால் குறுக்கே கால் வைக்கவே முடியாது. அந்தப் பக்கம் இருப்பவர் மோட்டாரைப் போட்டால்தான் உண்டு. தண்ணீர் நிறைந்துவிட்டதா என்று இந்தப் பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இதை எந்த இன்ஜினீயரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

இந்தத் திங்கள்கிழமை, முதல் தண்ணீர். பார்த்தே ஆக வேண்டும் என்று நானும் போயிருந்தேன். காலை ஏழரைக்கு மோட்டார் போடுவது என்று ஸ்டெல்லாவும் சவரிமுத்து அண்ணன் மனைவியும் முதல் நாளே பேசிவைத்திருந்தார்கள். ஏழரைக்குப் பைப் வாயில் கொஞ்சம் காற்று சீறியது. செம்மண்ணாகக் கொஞ்சம் துப்பியது. அப்புறம்... தண்ணீர்! ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

ஒரு மணி நேரம் ஓடியது. ஆரோக்கியம் அண்ணன் மண்வெட்டியோடு மடை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தார். முன் பாத்திகள் தளும்பி வரப்பில் வழிய ஆரம்பித்தன. அமத்தச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா தன் செல்போனில் சவரிமுத்து அண்ணன் வீட்டு நம்பரைப் போட்டாள். காதில் வைத்தாள். சட்டென்று முகம் மாறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அவரே எடுத்துட்டாரு" என்று கிசுகிசுத்தாள். அப்புறம் வரப்பில் ஓடிப்போய்ப் புருஷன் காதில் போனை வைத்துவிட்டாள்.

ஆரோக்கியம் அண்ணன் விழித்தார். போனைத் தள்ளிவிட முடியாது, இரண்டு கையிலும் சேறு. தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. மேலே ஒரு லாரி போய் முடிகிறவரை நின்றார். தொண்டையைச் செருமினார்.

"போதும்ணே. அமத்துங்க."

நான் வெட்கமில்லாமல் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். சவரிமுத்து அண்ணன் குரல், அவர் எப்போதும் பேசுகிற அதே அதட்டலில் வந்தது.

"செத்த நேரம் ஓடட்டும்டா. கடைசிப் பாத்திக்கு ஏறியிருக்காது."

மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷர். வயலைப் பார்க்கவே முடியாது. ஏழு வருஷமாக அதில் கால் வைத்ததுமில்லை. நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வயலின் கோடிக்கு ஓடிப் பார்த்தேன்.

ஏறியிருக்கவில்லை.